வாசகர் கேள்வி: ஒரே எண் கொண்ட இரண்டு பேட்கள்

கேள்வி: நான்கு கால் கொண்ட பொத்தான் சுவிட்சில் இரண்டிரண்டு கால்கள் உள்ளேயே இணைந்துள்ளன. சர்க்யூட் போர்டு வடிவமைக்கும் கைகேட் மென்பொருளில் அந்த ஜோடியின் பேட்களுக்கு (காலைப் பற்றவைக்கும் செம்புத் திட்டுகளுக்கு) ஒரே எண் கொடுத்தேன்; ஆனாலும் அவற்றைச் செம்புத் தடத்தால் இணைக்கச் சொல்லிச் சோதனையில் பிழை காட்டுகிறது. என்ன செய்வது?

பதில்: ஒரே எண் கொடுத்தால் இரண்டு பேட்களும் ஒரே நெட்டில், அதாவது ஒன்றோடொன்று இணைய வேண்டிய புள்ளிகளின் தொகுப்பில், சேரும், ஆனால் உறுப்பின் வயிற்றுக்குள் ஓடும் உலோகப் பட்டையை மென்பொருள் தானாக அறியாது என்பதால், போர்டில் செம்பு இல்லாதவரை இணைப்பு முடியவில்லை என்றே அது கருதும். இதேபோன்ற மற்றொரு மென்பொருளான ஈகிளில் இதற்கென்றே 'எனி' (ஏதேனும் ஒரு பேட் இணைந்தால் போதும்) என்ற தேர்வு உண்டு. ஆல்டியம் என்ற மென்பொருளில் பேட்களுக்கு ஒரே ஜம்பர் எண் தரலாம்; அவை ஏற்கெனவே இணைந்தவை என அது எடுத்துக்கொள்ளும். உங்கள் பதிப்பில் அத்தகைய வசதி இல்லையெனில், இடமிருந்தால் தடத்தை வரைந்துவிடுவதே என் பரிந்துரை, ஏனெனில் சுவிட்சைக் கழற்றினாலும் மற்ற பாகங்களின் இணைப்பு அறுபடாது. இடமில்லையெனில், இரண்டாம் காலுக்குத் தனி எண் கொடுத்து, வரைபடத்தில் அதை இணைப்பற்றது எனக் குறியுங்கள். அப்போது அந்தப் பேட் வேறு எதற்கும் பயன்படாது.

சுவிட்சின் உள்பட்டையையே பாலமாக்கி மின்வழங்கல் தடத்தைக் கடத்துவதை நான் விரும்புவதில்லை; இவ்வகைச் சிறு சுவிட்சுகள் பலவற்றின் வரம்பு 50 மில்லிஆம்பியர்தான். எந்தக் கால் எதனுடன் இணைந்தது என்பதில் ஐயமிருந்தால், மூலைவிட்டமாக எதிரெதிரே உள்ள இரு கால்களைப் பயன்படுத்துங்கள். அவை எப்போதும் வெவ்வேறு ஜோடியைச் சேர்ந்தவை.