ஃபிஷர்-டீஸ்கௌ பாடிய 'வின்டர்ரைஸெ': எந்தப் பதிவிலிருந்து தொடங்கலாம்?

கேள்வி: மேற்கத்திய சாஸ்திரிய இசை எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் 'வின்டர்ரைஸெ' ('குளிர்காலப் பயணம்') பாடல் தொகுப்பிலிருந்து ஒரு பாட்டைத் தற்செயலாகக் கேட்டேன். பாடியவர் டீட்ரிஷ் ஃபிஷர்-டீஸ்கௌ என்ற பாரிடோன், அதாவது நடுத்தரக் கனமுள்ள ஆண் குரல். மனம் அங்கேயே நின்றுவிட்டது. முழுதும் கேட்கலாம் என்று தேடினால் அதே பாடகர், அதே பாடல்கள், ஏழெட்டுப் பதிவுகள்! எதைத் தேர்ந்தெடுப்பது? உங்களுக்குப் பிடித்தது எது? எனக்கு ஜெர்மன் தெரியாது.

பதில்: 1965ஆம் ஆண்டுப் பதிவு. பியானோ யோர்க் டெமுஸ், வெளியீடு டாய்ச்ச கிராமஃபோன். நான் திரும்பத் திரும்பப் போவது அதற்குத்தான். ஆனால் காரணம் சொல்லாமல் பெயரை மட்டும் கொடுத்தால் உங்களுக்குப் பயனில்லை, ஏனென்றால் உங்கள் காதுக்கு வேறொன்று பிடித்துப்போகலாம், அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி வேண்டும்.

முதலில், ஏன் இத்தனை பதிவுகள்? இந்த 24 பாடல்களோடு அரை நூற்றாண்டு வாழ்ந்த மனிதர் அவர். பிறந்தது 1925இல், பெர்லினில். 1943 ஜனவரியில், 17 வயதில், பெர்லினின் ஸேலென்டார்ஃப் பகுதியில் இதைப் பாடிக்கொண்டிருந்தபோது பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்கள் வந்துவிட்டன. கேட்க வந்தவர்களும் அவரும் நிலவறைக்குள் போய்க் காத்திருந்து, தாக்குதல் ஓய்ந்ததும் மேலே வந்து, கச்சேரியை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். அப்புறம் ராணுவம், இத்தாலியில் அமெரிக்கப் படையிடம் பிடிபட்டு இரண்டு ஆண்டு போர்க்கைதி வாழ்க்கை. ஊர் திரும்பிய கொஞ்ச காலத்திலேயே, 1948 ஜனவரியில், பெர்லின் ரியாஸ் வானொலிக்காக முழுத் தொகுப்பையும் பாடினார். பியானோ கிளவுஸ் பில்லிங். அப்போது வயது 22. அங்கிருந்து 1955, 1962, 1971 என மூன்று முறை பியானோக்காரர் ஜெரால்ட் மூரோடு, நடுவில் 1965இல் டெமுஸோடு, 1979இல் பாரன்பாய்மோடு, 1985இல் பிரெண்டலோடு, 1990இல் பெராயாவோடு. மேடைக் கச்சேரிகளில் பதிவானவை தனி. 1978இல் ஸால்ஸ்பர்க்கில் பொலினியோடு பாடியது அவற்றில் ஒன்று.

இப்போது அந்த வழி. பியானோக்காரரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். குரல் எப்படியும் அவருடையதுதான், எந்த வயதிலும் அடையாளம் தெரிந்துவிடும். பதிவுக்குப் பதிவு பெரிதாக மாறுவது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர். ஷூபர்ட்டின் பியானோவை நம் கச்சேரிப் பக்கவாத்தியம் மாதிரி நினைத்துக் கேட்டால் பாதி கதை போய்விடும். காதலில் தோற்ற ஒருவன் பனிக்கால இரவில் ஊரைவிட்டு வெளியேறி நடக்கிறான், அவ்வளவுதான் கதை. அந்த நடை, காற்று, பனி எல்லாம் பியானோவில்தான் இருக்கின்றன. முதல் பாட்டில் ஒரே சீராக விழும் சுரங்கள் அவன் காலடிகள். ஐந்தாவது பாட்டான 'டெர் லின்டன்பௌம்' லின்டன் மரத்தின் இலைச் சலசலப்போடு தொடங்குகிறது. நடுவில் குளிர்காற்று முகத்தில் அறைந்து தொப்பியைப் பறித்துக்கொண்டு போகும்போது அதே சலசலப்பு சீற்றமாக மாறுகிறது, அவன் திரும்பிப் பார்ப்பதில்லை. 13ஆவது பாட்டில் தபால் வண்டியின் குதிரைக் குளம்பும் கொம்பொலியும் கேட்கும். ஆக, யார் வாசிக்கிறார் என்பது எந்தப் பாதையில் நடக்கிறீர்கள் என்பது போல.

மூர் இங்கிலாந்துக்காரர், பாடகர்களோடு வாசிப்பதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர். அவரோடு செய்த 1962 பதிவில் ஃபிஷர்-டீஸ்கௌவின் குரல் அழகின் உச்சியில் இருக்கிறது. குரலின் இனிமைதான் உங்களை நிறுத்தியது என்றால், என் தேர்வை ஓரமாக வைத்துவிட்டு இதையே எடுத்துக்கொள்ளுங்கள். 1971 பதிவு, இருவரும் சேர்ந்து ஷூபர்ட்டின் நானூறுக்கும் மேற்பட்ட பாடல்களைப் பதிந்த பெருமுயற்சியின் பகுதி. எல்லாம் யோசித்து, அளந்து, குறையில்லாமல் செய்திருக்கிறார்கள், ஆனால் எனக்கு அங்கே குளிர் கொஞ்சம் குறைவு. பாரன்பாய்மோடு பாடும்போது மென்மை முணுமுணுப்புவரை இறங்குகிறது, கோபம் நாடகம்வரை ஏறுகிறது. பழகிய காதுக்கு விருந்து, முதல் முறைக்கு வேண்டாம். பிரெண்டல், பெராயா பதிவுகளில் பியானோ அபாரம், ஆனால் குரல் அறுபதைத் தொட்டு வறண்டுவிட்டது. அந்த வறட்சியே கதைக்குப் பொருத்தம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சொல்லை அழுத்தி குரலின் குறையை ஈடுகட்டுவது காதில் விழுகிறது.

சொல்லை அழுத்துவது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இவர்மீது பல ஆண்டுகளாக வைக்கப்படும் குற்றச்சாட்டே இதுதான், ஒவ்வொரு சொல்லுக்கும் விளக்கம் சொல்வதுபோலப் பாடுகிறார் என்பது. பிரெஞ்சு எழுத்தாளர் ரோலான் பார்த் தன் புகழ்பெற்ற கட்டுரையில் இவர் குரலைப் பாடகர் ஷார்ல் பான்சேராவின் குரலோடு ஒப்பிட்டு, இவரிடம் உடலில்லை என்கிற அளவுக்கு எழுதினார். அதில் நியாயம் இருக்கும் இடங்கள் இருக்கின்றன, பிற்காலப் பதிவுகளில் அதிகமாகவே. ஆனால் ஜெர்மன் தெரியாத நமக்கு இந்தப் பழக்கம் பெரிய உதவி. மெய்யெழுத்துகள் அவ்வளவு தெளிவாக விழுவதால் அச்சிட்ட பாடலைக் கையில் வைத்துக்கொண்டால் ஒரு சொல்லைக்கூடத் தவறவிட மாட்டீர்கள்.

சரி, ஏன் 1965? கடைசிப் பாட்டுக்காக. 'டெர் லையர்மான்' என்று பெயர். ஊர் எல்லையில், பனியில் வெறுங்காலோடு ஒரு கிழவர் நின்று கைப்பிடி சுற்றும் வாத்தியம் வாசிக்கிறார். தட்டில் காசில்லை, கேட்க ஆளில்லை, நாய்கள் உறுமுகின்றன. பியானோவின் இடது கையில் ச-ப மட்டும், தொடக்கத்திலிருந்து முடிவுவரை, தம்புரா மாதிரி மாறாமல் ஒலிக்கிறது. வலது கை சின்னதாக ஒரு மெட்டை வாசித்து நிறுத்த, அந்த இடைவெளியில் பாடகர் ஒரு வரி சொல்கிறார். ஏறக்குறைய ஒன்றுமே நடப்பதில்லை. முடிவில் ஒரு கேள்வி: விந்தைக் கிழவரே, உம்மோடு வரட்டுமா, என் பாட்டுக்கு நீர் வாசிப்பீரா?

டெமுஸ் இதை எந்த அலங்காரமும் சேர்க்காமல் வாசிக்கிறார். நாற்பது வயதில் இருந்த ஃபிஷர்-டீஸ்கௌவிடம் எல்லா ஆற்றலும் இருந்தது, அதில் எதையும் இங்கே காட்டவில்லை. குரலில் நிறமே இல்லாமல், பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் சொல்வதுபோலப் பாடிக்கொண்டு வந்து, அந்தக் கடைசிக் கேள்வியில் மட்டும் ஒரு கணம் குரலைத் திறந்து மூடுகிறார். முந்தைய 23 பாடல்களிலும் இதே அடக்கம் இருப்பதால்தான் அந்த ஒரு கணம் அவ்வளவு வலிக்கிறது. சும்மா கண்ணை மூடிக் கேட்டாலே பிடிபடும்.

கேட்கும் முறை பற்றிக் கொஞ்சம். மொத்தம் ஒன்றேகால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், ஒரே அமர்வில், வரிசை மாறாமல் கேளுங்கள். செயலியில் கலைத்துப் போடும் வசதி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பாடல் வரிகளான வில்ஹெல்ம் முல்லரின் கவிதைகளுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் எளிதாகக் கிடைக்கும், முந்தின நாளே ஒரு முறை படித்துவிட்டு, கேட்கும்போது பாட்டின் தலைப்பை மட்டும் பார்த்தால் போதும். முதல் பாட்டின் கடைசிப் பகுதியில் மெட்டு திடீரென்று ஒளி பெறுவதைக் கவனியுங்கள்: தூங்கும் அவளை எழுப்பாமல், வாசற்கதவில் 'நல்லிரவு' என்று எழுதிவிட்டுப் போகிறான், அந்த இடம். முதல் தடவையே எல்லாம் பிடிக்காவிட்டால் கவலைப்பட வேண்டாம். 1827இல் ஷூபர்ட் இவற்றை நண்பர்களுக்குப் பாடிக் காட்டியபோது அவர்களே திகைத்துப்போனார்கள், லின்டன் மரப் பாட்டு ஒன்றுதான் பிடித்தது என்றார் அவர்களில் ஒருவரான ஷோபர். மற்ற எல்லாப் பாடல்களையும்விட இவைதான் எனக்குப் பிடிக்கின்றன, உங்களுக்கும் பிடிக்கும் என்றாராம் ஷூபர்ட். அடுத்த ஆண்டு, 31 வயதில் இறந்துபோனார்.

தேடும்போது பாடகர் பெயரோடு பியானோக்காரர் பெயரையும் சேர்த்துத் தட்டுங்கள். செயலிகளில் தெரியும் ஆண்டு பெரும்பாலும் மறுவெளியீட்டின் ஆண்டு, அதை நம்பினால் 1965 என்று நினைத்து 1971ஐக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

இவர் குரலைப் பெரிய ஆர்க்கெஸ்ட்ராவோடு கேட்க ஆசை வந்தால் இரண்டு போதும். இசையமைப்பாளர் மாலரின் 'ஒரு நாடோடியின் பாடல்கள்', ஃபுர்ட்வெங்லர் நடத்த 1952இல் லண்டனில் பதிந்தது. 27 வயதுக் குரல், சொல்லை அழுத்தும் பழக்கம் ஏறாத காலம். இன்னொன்று பெஞ்சமின் பிரிட்டன் என்ற இசையமைப்பாளரின் 'வார் ரெக்வியம்' (போரில் இறந்தவர்களுக்கான இரங்கல் இசை), இசையமைத்தவரே நடத்தி 1963இல் பதிந்தது. அதற்கு முந்தைய ஆண்டு கவென்ட்ரி தேவாலயத்தில் அது அரங்கேறியபோதும் இவர் பாடினார். முன்னாள் ஜெர்மன் சிப்பாய் ஒருவர், ஜெர்மன் குண்டுகள் இடித்த தேவாலயத்தின் அருகே கட்டிய புதுக் கட்டடத்தில், கொல்லப்பட்ட எதிரி சிப்பாயின் குரலாகப் பாடுகிறார். முடிந்தபோது எழுந்திருக்கவே முடியாமல் அழுதிருக்கிறார்.

ஆனால் அவற்றுக்குப் போகும் முன்பு, 1965ஐ இரண்டு மூன்று முறை கேட்ட பிறகு, 1948 வானொலிப் பதிவின் கடைசிப் பாட்டை மட்டும் போட்டுப் பாருங்கள். ஒலி மங்கலாகத்தான் இருக்கும். கைதி முகாமிலிருந்து திரும்பிய 22 வயதுப் பையன், இடிந்து கிடக்கும் பெர்லினில் நின்றுகொண்டு, உம்மோடு வரட்டுமா என்று அந்தக் கிழவரைக் கேட்கிறான்.