பழ ஈக்குள் ஒரு பிரட்டுக்களம்: கேள்வி பதில்

ஹட்டனில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிக்கிறேன். பழ ஈக்களில் பரம்பரையலகுகள் (ஜீன்கள்) இயங்கும் விதம் எப்படிக் கூர்ப்படைகிறது (பரிணமிக்கிறது) என்பதைப் பற்றி யாரும் என்னிடம் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

பதுளை, மரக்கறிச் செய்கையாளர்: பாகற்காயைத் துளைத்து முட்டையிடும் ஈயைத்தானே சொல்கிறீர்கள்?

இல்லை அண்ணா. அது வேறு குடும்பம், உருவிலும் பெரியது. நான் சொல்வது கனிந்த வாழைக்குலையை மொய்க்கும் செங்கண் ஈ. துரோசோபிலா என்று பெயர். நீளம் மூன்று மில்லிமீற்றர் அளவுதான்.

தலவாக்கலை, உயர்தர மாணவி: மிஸ், விகாரம் (டி.என்.ஏ மாற்றம்) வந்தால் புரதம் மாறும் என்றுதான் படித்தோம். புரதம் மாறாமலே கூர்ப்பு நடக்குமா?

நடக்கும் மகள். தோட்டத்துக் காலைப் பிரட்டை, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் கூட்டத்தை, நினைத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் நேற்றைய ஆட்களே. யார் எந்த மலைக்கு, எத்தனை பேர் என்ற கட்டளைதான் மாறுகிறது. ஈயிடம் ஏறத்தாழ 14,000 பரம்பரையலகுகள் உண்டு. எது எங்கே, எப்போது, எவ்வளவு உழைக்க வேண்டும் என்பதை அவற்றின் அருகில் கிடக்கும் டி.என்.ஏ துண்டுகள் தீர்மானிக்கின்றன. ஆளிகள் (சுவிட்சுகள்) என்று அவற்றைச் சொல்வோம். ஒரே பரம்பரையலகுக்கு உடலின் பல இடங்களுக்கெனத் தனித்தனி ஆளிகள் இருக்கும்.

எபனி என்ற பரம்பரையலகைப் பாருங்கள். அது தரும் நொதியம் என்ற வகைப் புரதம் ஈயின் புறத்தோலை வெளிறச் செய்கிறது. அதே நொதியம் பார்வைக்கும் வேண்டும். ஆகவே நொதியத்தையே கெடுத்தால் உடல் கறுக்கும், பார்வையும் பழுதாகும். உகண்டாவின் உயர்நிலங்களில் வாழும் ஈக்கள் வேறு வழியில் கறுத்திருக்கின்றன. அவற்றில் எபனியின் வயிற்றுப்பகுதி ஆளியில் குறைந்தது ஐந்து விகாரங்கள் சேர்ந்திருந்ததை 2009இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. நொதியம் பழையபடியே இருக்கிறது. வயிற்றில் மட்டும் அதன் அளவு குறைந்துவிட்டது. ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் இந்த இடத்துக்கு வரும்போது எனக்கு மெய்சிலிர்க்கிறது.

நுவரெலியா, வாசகர்: அப்படியானால் எங்கள் ஊர்க் குளிரிலும் ஈக்கள் கறுத்துத்தானே இருக்கும், டீச்சர்?

குளிரில் வளர்ந்த ஈ எப்படியும் சற்றுக் கறுப்பாகவே வெளிவரும். அது அந்த ஈயோடு முடிந்துபோகும் மாற்றம், கூர்ப்பு அன்று. இரண்டையும் பிரித்தறிய வேண்டுமானால், நுவரெலியாவில் பிடித்தவற்றையும் மாத்தளையில் பிடித்தவற்றையும் ஒரே அறையில், 25 பாகை செல்சியஸில், ஒரே உணவில் வளர்க்க வேண்டும். பத்து நாளில் ஒரு தலைமுறை வந்துவிடும். மூன்று தலைமுறைக்குப் பிறகும் நிற வேறுபாடு நிலைத்தால் அது பரம்பரையாக வந்தது.

பேராதனை, பல்கலைக்கழக மாணவர்: ஆளி மாறியதா, ஆளியைத் தொட்டு இயக்கும் புரதம் மாறியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நல்ல கேள்வி தம்பி. இரண்டு இனங்களைக் கலந்து பிறக்கும் குஞ்சில் இரு பெற்றோரின் பரம்பரையலகுப் பிரதிகளும் ஒரே கலத்துக்குள் இருக்கின்றன. இயக்கும் புரதங்கள் இரண்டுக்கும் பொது. அங்கும் ஒரு பிரதி கூடுதலாகவும் மற்றது குறைவாகவும் இயங்கினால், காரணம் அந்தப் பிரதியின் சொந்த ஆளியில்தான். மெலனோகாஸ்டர், சிமுலன்ஸ் என்ற நெருங்கிய இரு இனங்களின் கலப்பில் 29 பரம்பரையலகுகளை 2004இல் இப்படிச் சோதித்தார்கள். 28இல் ஆளி மாறியிருந்தது. பலவற்றில் பொதுப் புரதங்களின் பக்கத்து மாற்றமும் கலந்திருந்தது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முளையத்தில், அதாவது முட்டைக்குள் வளரும் கருவில், ஈவன்-ஸ்கிப்ட் என்ற பரம்பரையலகு ஏழு பட்டைகளாக இயங்கும். இரண்டாம் பட்டைக்கென்று தனி ஆளி. மெலனோகாஸ்டரும் சூடோஒப்ஸ்க்யூரா என்ற இன்னொரு பழ ஈ இனமும் பிரிந்து இரண்டு கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆளியின் டி.என்.ஏ எழுத்துகள் நிறையவே மாறிவிட்டன. ஆனாலும் சூடோஒப்ஸ்க்யூராவின் ஆளியை மெலனோகாஸ்டரில் வைத்தால் பட்டை அதே இடத்தில் வருகிறது. 2000இல் ஓர் இனத்து ஆளியின் முற்பாதியையும் மற்றதன் பிற்பாதியையும் ஒட்டிப் பார்த்தார்கள். பட்டை பிசகியது! ஒவ்வோர் ஆளியிலும் ஒரு பக்கத்தில் வந்த மாற்றத்தை மறுபக்கத்தில் வந்த மாற்றம் ஈடுகட்டி வந்திருக்கிறது. பாதியை வெட்டினால் அந்த ஈடு போய்விடுகிறது.

மஸ்கெலியா, தோட்ட உத்தியோகத்தர்: மருந்துக்கு அசையாத பூச்சிகளிலும் இதுதான் நடக்கிறதா?

சிலவற்றில் இதேதான். மலேரியாவை ஒழிக்க நம் நாட்டில் வீடு வீடாகத் தெளித்த டி.டி.ரி. நினைவிருக்கும். அதைத் தாங்கும் பழ ஈக்களில், நஞ்சைச் சிதைக்கும் நொதியத்துக்குரிய ஒரு பரம்பரையலகின் முன்னால், இடம் பெயரும் டி.என்.ஏ துண்டு ஒன்று வந்து செருகியிருப்பதை 2002இல் கண்டார்கள். அதனால் நொதியம் அதிகமாக உற்பத்தியாகிறது.

பண்டாரவளை, ஒரு தாய்: பத்து வயது மகனுக்கு வீட்டிலேயே எதையாவது காட்ட முடியுமா?

தாராளமாக முடியும் அக்கா. ஜாம் போத்தலில் கறுத்த கோழிக்கூட்டு வாழைப்பழத் துண்டு ஒன்றை வையுங்கள். தாளைக் கூம்பாகச் சுருட்டி, நுனியில் சிறு துளை விட்டு, போத்தலின் வாயில் செருகுங்கள். உள்ளே போன ஈக்களுக்கு வெளியே வர வழி தெரியாது. மறுநாள் போத்தலைக் கால் மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் அவை அசையாமல் கிடக்கும். வெள்ளைத் தாளில் கொட்டிக் கைவில்லையால் பாருங்கள். பருத்த வயிற்றில் நுனிவரை கோடு கோடாக இருந்தால் பெண். சிறியதாக, வயிற்று நுனி மையில் தோய்த்தது போலக் கறுத்திருந்தால் ஆண். நிறமூட்டும் பரம்பரையலகுகள் இருவரிடமும் உள்ளன. ஆணின் நுனியில் அவற்றின் ஆளிகள் வேறுவிதமாகத் திறக்கின்றன. சூடு ஏறியதும் பறந்துவிடும், மகனைச் சீக்கிரம் பார்க்கச் சொல்லுங்கள்.