பவர் ஸ்டியரிங் ஆயில் குறைந்துகொண்டே போகிறதா? கேள்வி பதில்

26 வருடமாக ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். பவர் ஸ்டியரிங் ஆயில் பற்றி வந்த கேள்விகளுக்கு இன்றைக்குப் பதில் சொல்கிறேன். ஒன்றை மட்டும் முன்னாடியே சொல்லிவிடுகிறேன். இன்ஜின் ஆயில் கொஞ்சம் கொஞ்சமாக எரியும். பிரேக் பேட் தேயத் தேய பிரேக் ஆயில் மட்டம் இறங்கும். பவர் ஸ்டியரிங் ஆயிலுக்கு இந்த இரண்டும் கிடையாது. ஆயில் ஊற்றும் டப்பாவிலிருந்து பம்ப், பம்பிலிருந்து ராக் (முன் சக்கரங்களைத் திருப்பும் பாகம்), அங்கிருந்து திரும்ப டப்பா என்று உள்ளேயே சுற்றி வரும். குறைந்தால் வெளியே போகிறது என்று அர்த்தம்.

2009 இன்னோவா வைத்திருக்கிறேன் அண்ணே, ஓசூர். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை 200 மில்லி ஊற்றுகிறேன். நிறுத்தும் இடத்தில் ஒரு சொட்டுகூட இல்லை. ஆயில் எங்கே போகிறது?

சொட்டு இல்லை என்பதால் ஒழுக்கு இல்லை என்று நினைக்காதீர்கள் தம்பி. இன்ஜின் ஓடி, நீங்கள் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதுதான் உள்ளே பிரஷர் ஏறும். அப்போது கசிவது ஓடுகிற காற்றில் பறந்துவிடும், இல்லையென்றால் அடியில் இருக்கும் தூசியோடு சேர்ந்து கறுப்புப் பசையாக ஒட்டிக்கொள்ளும்.

முதலில் ராக்கின் இரண்டு பக்கமும் மடிப்பு மடிப்பாக இருக்கும் ரப்பர் உறையை, அதாவது பூட்டை (boot), கையால் அமுக்கிப் பாருங்கள். உள்ளே தண்ணீர் பை மாதிரி ஏதாவது ஆடினால், கிளிப்பை எடுத்துவிட்டு பூட்டின் ஓரத்தை விலக்குங்கள். லேசாக கிரீஸ் இருந்தால் பரவாயில்லை. சிவப்பாக ஆயில் வழிந்தால் ராக்கின் உள் சீல் போய்விட்டது. தரையில் சொட்டாமல் ஆயில் காணாமல் போகிற வண்டிகளில் நான் அதிகம் பார்த்தது இந்த இடத்தைத்தான்.

அங்கே ஒன்றும் இல்லையென்றால் ஹோஸ் பக்கம் போங்கள். இன்ஜின் ஆறிய பிறகு எல்லா ஜாயின்டையும் டீசலும் பிரஷ்ஷும் வைத்துக் கழுவி, நன்றாகத் துடைத்துக் காய விடுங்கள். அப்புறம் ஒவ்வொரு ஜாயின்டிலும் டால்கம் பவுடரைத் தூவிவிட்டு, இன்ஜினை ஓட விட்டு ஒருவரை ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பச் சொல்லுங்கள். வெள்ளைப் பவுடரில் சிவப்பு எங்கே ஊறுகிறதோ அதுதான் இடம். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

சார், பழைய சான்ட்ரோ வாங்கியிருக்கிறேன், தஞ்சாவூர். ஆயில் மட்டத்தை நானே பார்க்கலாமா, மெக்கானிக்கிடம்தான் போக வேண்டுமா?

நீங்களே பார்க்கலாம்மா, ஐந்து நிமிட வேலைதான். வண்டியை மட்டமான தரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிடுங்கள். பானெட்டுக்குள் மூடியில் ஸ்டியரிங் சக்கரம் படம் போட்ட சின்ன டப்பா இருக்கும். மூடியைத் திறப்பதற்கு முன்னால் மூடியையும் அதைச் சுற்றியும் துடையுங்கள். இதை ரொம்பப் பேர் செய்வதில்லை. உள்ளே விழுகிற மண் நேராகப் பம்புக்குப் போய்க் கீறல் போட்டுவிடும். நூல் பிரிகிற பனியன் வேஸ்ட் வேண்டாம், சுத்தமான பழைய காட்டன் துணி எடுத்துக்கொள்ளுங்கள்.

டப்பா வெளியிலிருந்தே மட்டம் தெரிகிற மாதிரி இருந்தால், மின் (MIN, குறைந்த அளவு), மேக்ஸ் (MAX, அதிக அளவு) என்று இரண்டு கோடு போட்டிருக்கும். சில வண்டிகளில் மூடியோடு ஒரு குச்சி இருக்கும். அதைத் துடைத்து, மூடியை முழுக்கத் திருகி, மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். ஹாட், கோல்டு என்று தனித்தனிக் கோடு இருந்தால், ஓட்டி வந்தவுடன் பார்ப்பதற்கு ஹாட், காலையில் எடுப்பதற்கு முன் பார்ப்பதற்கு கோல்டு. சூடானால் ஆயில் விரிந்து மேலே ஏறும். ஆறின வண்டியில் ஹாட் கோடு வரைக்கும் ஊற்றினால் ஓட்டும்போது மூடி வழியாகப் பொங்கி பெல்ட்டில் விழும், அப்புறம் பெல்ட் வழுக்கும். சின்னப் புனல் வைத்துக் கொஞ்சம் ஊற்றுங்கள், பாருங்கள், மறுபடி கொஞ்சம். டாப் அப் என்றால் பெரும்பாலும் ஒரு டீ கிளாஸ் அளவுகூடப் பிடிக்காது.

என் ஸ்விஃப்டில் அந்த டப்பாவையே காணோம்.

இருக்காது. ஸ்விஃப்ட், ஐ10 மாதிரி வண்டிகளில் எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங். மோட்டார்தான் உதவுகிறது, ஆயிலே கிடையாது. சர்வீஸ் பில்லில் பவர் ஸ்டியரிங் ஆயில் என்று போட்டிருந்தால் எதற்கென்று கேளுங்கள்.

அவசரத்துக்குக் கையில் இருந்த பிரேக் ஆயிலை ஊற்றிவிட்டேன். இன்னும் ஸ்டார்ட் செய்யவில்லை. எதுவும் ஆகுமா?

ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள். சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள். பிரேக் ஆயில் கிளைகால் வகை, இந்த சிஸ்டத்தில் இருக்கும் ரப்பர் சீல்கள் மினரல் ஆயிலுக்காகச் செய்தவை. பிரேக் ஆயில் பட்டால் அவை ஊறி உப்பிக் கூழாகிவிடும். சில வருடம் முன்பு ஒரு வண்டி இப்படி வந்தது. வழியில் யாரோ ஊற்றிக் கொடுத்ததை நம்பி இரண்டு வாரம் ஓட்டியிருக்கிறார். பம்பைக் கழற்றினேன், சீல் ஊற வைத்த அப்பளம் மாதிரி விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. பம்ப், ராக் இரண்டையும் மாற்ற வேண்டியதாயிற்று.

உங்களுக்கு அந்த நிலைமை இல்லை. டப்பாவில் இருப்பதை முழுக்க உறிஞ்சி எடுத்து, முடிந்தால் டப்பாவையே கழற்றிக் கழுவி, மெக்கானிக்கை வரவழைத்து லைனையும் ஃப்ளஷ் செய்துவிட்டு புது ஆயில் ஊற்றச் சொல்லுங்கள். பெயின்ட்டில் சிந்தியிருந்தால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், அதையும் அரித்துவிடும்.

சிவப்பு, பச்சை என்று இரண்டு விற்கிறார்கள். எதை ஊற்றுவது?

நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், நிறம் என்பது ஆயிலில் சேர்க்கும் சாயம்தான். ஓனர்ஸ் மேனுவலில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான். சில வண்டிகளில் டப்பா மூடியிலேயே அச்சிட்டிருப்பார்கள். நம் ஊரில் ஓடும் பல ஹைட்ராலிக் வண்டிகளுக்கு டெக்ஸ்ரான் வகை ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில். ஹோண்டாவுக்கு அவர்களுடைய சொந்த பவர் ஸ்டியரிங் ஆயில், பிஎஸ்எஃப் என்று போட்டிருக்கும். சில ஜெர்மன் வண்டிகளுக்கு சிஎச்எஃப் 11எஸ் என்ற பச்சை ஆயில். ஒன்றில் இன்னொன்றைக் கலக்க வேண்டாம்.

டாப் அப் செய்த பிறகும் திருப்பும்போது ஙொய் என்று சத்தம். டப்பாவில் நுரை தெரிகிறது.

காற்று புகுந்திருக்கிறது. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, இன்ஜினை ஓட விடாமல் ஸ்டியரிங்கை மெதுவாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை 15, 20 தடவை திருப்புங்கள். மட்டம் இறங்க இறங்க ஊற்றுங்கள். குமிழி வருவது நின்ற பிறகு இன்ஜினை ஸ்டார்ட் செய்து மறுபடி சில தடவை. கடைசி வரை திருப்பி அப்படியே பிடித்து வைக்காதீர்கள், 5 வினாடிக்குள் விட்டுவிட வேண்டும், பம்ப் கொதித்துவிடும். இதற்குப் பிறகும் நுரை வந்தால் டப்பாவிலிருந்து பம்புக்குப் போகும் ஹோஸின் கிளாம்ப்பைப் பாருங்கள். அந்தப் பக்கம் உறிஞ்சும் பக்கம், அங்கே தளர்ந்தால் ஆயில் வெளியே வருவதைவிடக் காற்று உள்ளே போவதுதான் அதிகம்.

ஆயில் கறுத்துவிட்டது. மாற்றணுமா?

மாற்றுங்கள். மருந்துக்கடையில் பெரிய சிரிஞ்ச் வாங்கி, ஒரு துண்டு ட்யூப் மாட்டி, டப்பாவில் இருப்பதை உறிஞ்சிவிட்டு அதே அளவு புதிதாக ஊற்றுங்கள். சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி. நான்கைந்து தடவையில் நிறம் தெளிந்துவிடும். கறுப்புத் துகள் வந்தால் ஹோஸின் உள்பக்கம் உரிகிறது, ஹோஸையும் மாற்ற வேண்டும்.

நன்றாகவே ஒழுகுகிறது. நாளைக்கு நாகர்கோவில் போயே ஆக வேண்டும். ஓட்டலாமா?

வேண்டாம். ஆயில் இல்லாவிட்டாலும் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாது, ஆனால் மெதுவாகப் போகும்போது கல் மாதிரி கனக்கும். பம்ப் காய்ந்து ஓடினால் கெட்டுவிடும். அதைவிட, ஒழுகுவது சைலன்சர் மேனிஃபோல்டு (இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் சூடான குழாய்) மேல் விழுந்தால் தீப்பிடிக்கலாம். பஸ்ஸில் போங்கள்.

அண்ணே, ஓசூர் இன்னோவாதான் மறுபடி. இரண்டு பூட்டும் காய்ந்துதான் இருந்தது. பவுடர் போட்டுப் பார்த்தேன், டப்பாவுக்குத் திரும்பி வரும் ஹோஸின் கிளாம்ப் கிட்ட சிவப்பாக ஊறியிருந்தது.

நல்ல இடம்தான் தம்பி, செலவு குறைவு. அது ரிட்டர்ன் லைன், பிரஷர் அதிகம் இல்லை. ஹோஸ் நுனி விறைத்திருக்கிறதா என்று விரலால் நசுக்கிப் பாருங்கள். மெத்தென்று இருந்தால் புது கிளாம்ப் போதும். விறைத்திருந்தால் ஹோஸையும் மாற்றிவிடுங்கள், ஆயிலுக்குத் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள், தண்ணீர் ஹோஸ் வேண்டாம். மாட்டியதும் மட்டத்துக்கு நேராக டப்பாவில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். ஒரு மாதம் கழித்து, அதே மாதிரி வண்டி ஆறியிருக்கும் நேரத்தில் அந்தக் கோட்டைப் பாருங்கள்.