ஃப்ரேசல் வெர்ப் பட்டியலோடு போராடும் மகளைப் பற்றிக் கவலைப்படும் பெற்றோருக்கு

தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்து, இப்போது பி.காம். இறுதியாண்டு படிக்கும் உங்கள் மகள், ஃப்ரேசல் வெர்ப்களை ('புட் ஆஃப்', 'ஃபில் இன்' போல வினையும் ஒரு சிறுசொல்லும் சேர்ந்து ஒரு பொருள் தரும் தொடர்களை) அகரவரிசையில் எழுதிவைத்து இரவெல்லாம் உருப்போடுகிறார் என்றும், அப்படியும் நேர்முகத் தேர்வில் வாய் திறக்கத் தயங்குகிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். அவருடைய உழைப்பில் குறையில்லை. படிக்கும் முறையை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.

முதலில் ப்ரொனவுன்களை, அதாவது பெயருக்குப் பதிலாக வரும் 'ஐ', 'ஹி', 'இட்' போன்ற சொற்களை, சரிசெய்ய வேண்டும், ஏனெனில் அவை ஏறக்குறைய எல்லா வாக்கியத்திலும் வருபவை. அறிமுகத்தை 'மைசெல்ஃப்' என்று தொடங்கிப் பெயரைச் சொல்வது நம் கல்லூரிகளில் ஊறிப்போன பழக்கம். 'ஐ ஆம்' என்பதே சரி. 'மை ஃபாதர் ஹி இஸ் எ ஃபார்மர்' என்பதில் 'ஹி' தேவையில்லை. ஆசிரியரையும் ஆசிரியையையும் 'அவர்' என்றே சொல்லிப் பழகிய நமக்கு, பெண் அதிகாரியைக் குறிப்பிடும்போதும் 'ஹி' வந்துவிடுகிறது. இது அறியாமையன்று, பழக்கம்; ஆகவே சத்தமாகப் பேசிப் பேசித்தான் சரியாகும்.

ஃப்ரேசல் வெர்பைப் பொறுத்தவரை, பொருளை மட்டும் எழுதிவைப்பது போதாது. அதனோடு ஒரு ப்ரொனவுனையும் சேர்த்தே எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 'ஃபில் இன் தி ஃபார்ம்' என்றும் சொல்லலாம், 'ஃபில் தி ஃபார்ம் இன்' என்றும் சொல்லலாம். ஆனால் படிவத்தை 'இட்' என்று குறிப்பிட்டால் 'ஃபில் இட் இன்' என்று நடுவில்தான் வரும், 'ஃபில் இன் இட்' என்பது பிழை. 'லுக் இன்டு இட்', 'லுக் ஆஃப்டர் ஹெர்' போன்றவற்றிலோ ப்ரொனவுன் கடைசியில்தான் நிற்கும். எது எந்த வகை என்பதைப் பட்டியல் சொல்லித்தராது. 'கால் இட் ஆஃப்', 'புட் இட் ஆஃப்' என்று நோட்டில் எழுதினால் இலக்கணமும் சேர்ந்தே மனத்தில் பதியும். இவ்விரண்டில் முன்னது ரத்து, பின்னது ஒத்திவைப்பு. நேர்முகத் தேர்வு 'புட் ஆஃப்' ஆகியிருக்கிறது என்று தொலைபேசியில் சொல்வதை ரத்து என்று புரிந்துகொள்பவர், புதிய தேதியைக் கேட்காமலே அழைப்பைத் துண்டித்துவிடுவார்.

நாளுக்கு ஐந்து போதும், ஒவ்வொன்றுக்கும் தன் வாழ்க்கையிலிருந்தே ஒரு வாக்கியம் சொல்லிப் பார்க்கட்டும். 'ஐ வில் லுக் இன்டு இட் அண்ட் கெட் பேக் டு யூ' (விசாரித்துவிட்டு உங்களிடம் சொல்கிறேன்) என்பது அலுவலகங்களில் அன்றாடம் புழங்கும் வாக்கியம். அதைத் தடுமாறாமல் சொல்ல வருவது, அரிய சொற்கள் நூறு தெரிவதைவிடப் பயனுள்ளது. விண்ணப்பக் கடிதத்தில் மட்டும் 'புட் ஆஃப்' என்பதற்குப் பதில் 'போஸ்ட்போன்' என்று எழுதுவதே பொருத்தம்.

மத்திய அரசுப் பணிகளுக்கு ஆளெடுக்கும் எஸ்.எஸ்.சி.யின் தேர்வு எழுதும் எண்ணமும் இருந்தால் இந்த உழைப்பு வீண்போகாது: அது பட்டதாரிகளுக்கு நடத்தும் சி.ஜி.எல். முதல்நிலைத் தேர்வின் 100 வினாக்களில் 25 ஆங்கிலத்துக்குரியவை, ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண்.

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ப்பதானால், கட்டணம் கட்டும் முன் ஒருநாள் மாதிரி வகுப்பில் உட்கார அனுமதி கேளுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் தான் எத்தனை நிமிடம் பேச முடிந்தது என்று மகளிடமே கேட்டுவிட்டு, அதன்பின் முடிவெடுங்கள்.