ஆள் பக்கத்தில் வருவதற்கு முன்பே தொட்டி மீன்கள் தீனிக்காக மேலே வந்து நிற்கின்றனவே, மீனுக்கு நேரம் தெரியுமா?

தெரியும். நம் காலடி அதிர்வும் டப்பா சத்தமும் ஓரளவு காரணம்தான், ஆனால் அதையெல்லாம் எடுத்துவிட்டும் பார்த்திருக்கிறார்கள். விளக்கை இரவும் பகலும் எரியவிட்டு, தானியங்கிப் பெட்டியிலிருந்து தினமும் ஒரே நேரத்தில் தீனி விழும்படி வைத்தால், கோல்ட்ஃபிஷ் அந்த நேரத்துக்கு முன்பே பரபரப்பாகத் திரிய ஆரம்பித்துவிடுகிறது. தீனியை நிறுத்தினாலும் சில நாட்களுக்கு அதே நேரத்தில் அதே பரபரப்பு. வெளியே எந்தத் துப்பும் இல்லை, அப்படியானால் கடிகாரம் உள்ளே ஓடுகிறது.

எனக்கு இதைவிட ஆச்சரியம் அந்தக் கடிகாரம் எங்கே இருக்கிறது என்பதுதான். நமக்குத் தலைமைக் கடிகாரம் மூளையில், அதற்கு வெளிச்சச் செய்தி போவது கண் வழியாக. 2000இல் ஜீப்ரா மீனின் இதயத்தையும் சிறுநீரகத்தையும் தனியே எடுத்துக் கண்ணாடித் தட்டில் வளர்த்துப் பார்த்தார்கள். கண்ணும் இல்லை, மூளையும் இல்லை, ஆனாலும் விளக்கு எரிந்து அணைவதற்கு ஏற்ப அந்த உறுப்புகள் தங்கள் கடிகாரத்தைத் தாங்களே திருத்திக்கொண்டன!

சரி, வெளிச்சமே இல்லாத இடத்தில்? சோமாலியாவில் நிலத்தடி நீரில் கண்ணில்லாத ஒரு குகை மீன் இருக்கிறது, பத்து லட்சம் வருடங்களுக்கும் மேலாக இருட்டிலேயே வாழும் இனம். 2011இல் வெளிவந்த ஆய்வின்படி அதன் கடிகாரம் வெளிச்சத்தைக் கண்டுகொள்வதே இல்லை, ஒளியை உணரும் புரதங்களின் மரபணுக்கள் பழுதாகிவிட்டன, சுற்றும் 24 மணி நேரத்தில் முடியாமல் ஏறக்குறைய 47 மணி நேரம் இழுக்கிறது. ஆனால் ஒழுங்காக ஒரே நேரத்தில் தீனி போட்டால் அந்தக் கடிகாரமும் அதைப் பிடித்துக்கொள்கிறது. வெளிச்சம் கைவிட்டுப் போனாலும் சாப்பாட்டு நேரம் போகவில்லை.

இன்னொன்று, பகல் மீன், இரவு மீன் என்று கறாராகப் பிரிப்பதை அப்படியே நம்ப வேண்டாம். ஐரோப்பியக் கடல்களில் வாழும் சீ பாஸ் கோடையில் பகலிலும் குளிர்காலத்தில் இரவிலும் இரை தின்கிறது.

வீட்டுத் தொட்டிக்கு இதில் கிடைக்கும் பயன்: விளக்குக்கு டைமர் போட்டுவிடுங்கள், இஷ்டத்துக்குப் போட்டு அணைக்க வேண்டாம். கெளுத்தி வகை இருந்தால் அதன் பங்கை விளக்கு அணைத்த பிறகு போடுங்கள், இல்லையென்றால் மற்றவை தின்று தீர்த்துவிடும். அப்புறம், ஜீப்ரா மீன் முட்டை வேண்டுமென்றால் விளக்கு எரிந்த கொஞ்ச நேரத்திலேயே தொட்டியின் அடியைப் பாருங்கள், அது முட்டையிடுவது விடிந்தவுடன்தான், தாமதித்தால் அவையே தின்றுவிடும்.