பயோடெக் படிப்பு படைப்பில் கைவைப்பதா? கோத்தகிரி அப்பாவுக்கு ஒரு பதில்

கோத்தகிரி பக்கமிருந்து ஒரு தந்தை கேட்கிறார்: "மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். பயோடெக்னாலஜிதான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். படைப்பிலேயே கைவைக்கிற படிப்பு, நமக்கு எதற்கு என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். சேர்க்கலாமா?"

தாராளமாகச் சேருங்கள் ஐயா. ஆனால் பெரியவர்கள் கேட்டதைத் தட்டிவிட வேண்டாம். 2018-இல் சீன விஞ்ஞானி ஹெ ஜியான்குய், கருவிலேயே மரபணுவைத் திருத்தி இரட்டைக் குழந்தைகளைப் பிறக்கவைத்ததாக அறிவித்தார். விஞ்ஞானிகளே கொதித்துப்போனார்கள். அடுத்த ஆண்டே அவருக்கு 3 ஆண்டு சிறை. நம் நாட்டில் பூச்சியை எதிர்க்க மரபணு மாற்றிய பி.டி. கத்தரிக்காயைப் பயிரிடுவது 2010-இல் நிறுத்திவைக்கப்பட்டது.

அவ்வளவு தூரம் எதற்கு, நம் மலைக்கே வருவோம். நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் செல் ரத்தக் கோளாறு (ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்துவிடும் பரம்பரை நோய்) இருப்பது 1952-இலேயே பதிவாகியிருக்கிறது. இன்றைக்கும் முகாம் போட்டு, விரல் நுனியில் ஊசி குத்திச் சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். முடிவை ஓர் அட்டையில் எழுதித் தருகிறார்கள். கணவன், மனைவி இருவருமே நோய் இல்லாமல் அந்த மரபணுவை மட்டும் சுமப்பவர்கள் என்றால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. அதனால் கல்யாணத்துக்கு முன்பே இரண்டு அட்டையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறார்கள். சரி, மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் அந்தப் பெண் அட்டையைக் காட்டித்தான் ஆக வேண்டுமா? சம்பந்தம் முறிந்தால் பழி யார் தலையில் விழும்? மிச்ச ரத்தத்தை வேறு ஆராய்ச்சிக்கு எடுத்துப்போக அவள் சம்மதிக்க வேண்டுமா, ஊர் மூப்பன் தலையாட்டினால் போதுமா? அவள் சம்மதம்தான் வேண்டும் என்பேன். 2023 கடைசியில் இந்த நோய்க்கு மரபணுவைத் திருத்தும் சிகிச்சையை பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதித்தன. அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர். பந்தலூர்ப் பக்கத்துப் பிள்ளைக்கு அது எந்தக் காலத்தில் எட்டும்? படைப்பில் கைவைப்பதைவிட எனக்கு இதுதான் உறுத்துகிறது.

இதையெல்லாம் பேச, மலையும் மக்களும் தெரிந்த ஆள் உள்ளே இருக்க வேண்டும். மருந்துப் பரிசோதனைகளுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுவில் குறைந்தது 7 பேர் வேண்டும், அதில் ஒரு பெண்ணும் சட்டம் தெரிந்த ஒருவரும் துறை சாராத சாமானியர் ஒருவரும் கட்டாயம் என்று 2019 விதிகள் சொல்கின்றன. பரம்பரை நோய் பற்றிக் குடும்பங்களுக்கு விளக்கிச் சொல்லும் மரபணு ஆலோசகர் என்றே தனி வேலையும் இருக்கிறது. உங்கள் மகளுக்கு அதில் நாட்டம் வரலாம்.

நீங்கள் கேட்காமல் விட்ட கவலை ஒன்று உண்டு. வெறும் பி.எஸ்சி.யோடு நின்றால் லேப் டெக்னீஷியன் வேலைக்கே பெரும் போட்டி, சம்பளமும் சுமார்தான். எம்.எஸ்சி. வரைக்கும் படிக்கவைப்பீர்களா என்பதை இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள். காட்-பி (GAT-B) என்ற நுழைவுத் தேர்வு எழுதி, மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை ஆதரிக்கும் முதுகலைப் படிப்பில் இடம் பிடித்தால் மாதாமாதம் உதவித்தொகை வரும். குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட், முத்தோரை உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் எல்லாம் கண்ணெதிரே இருப்பதால் உள்ளூரிலேயே வேலை என்று நம்பிவிட வேண்டாம், இடங்கள் குறைவு. கோவையோ பெங்களூரோ போக நேரிடும்.

கல்லூரி பார்க்கப் போனால் கட்டடத்தைப் பார்த்து மயங்காதீர்கள். மூன்றாம் ஆண்டு மாணவியைத் தனியாகப் பிடித்து, "பி.சி.ஆர். மெஷினை நீயே ஓட்டியிருக்கிறாயா, சார் ஓட்டினதைப் பார்த்ததோடு சரியா?" என்று மகளையே கேட்கச் சொல்லுங்கள். (டி.என்.ஏ. துண்டை நகலெடுத்துப் பெருக்கும் கருவி அது.) பதில் இழுத்தால் அடுத்த கல்லூரிக்கு நடையைக் கட்டுங்கள்.