டிஎம்எக்ஸ் டிம்மர்: ஒருமுறை கட்டளை அனுப்பினால் விளக்கு ஏன் அணைந்துவிடுகிறது?

சீரியல் போர்ட் வழியாக டிம்மரின் (விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) ஐந்தாம் சேனலுக்கு 128 அனுப்பினால் விளக்கு ஒரு நொடி எரிந்து அணைகிறது என்கிறீர்கள். மதிப்பில் பிழை இல்லை. மேடை விளக்குகளைக் கட்டுப்படுத்தும் நெறிமுறையான டிஎம்எக்ஸ்512-இல் ஒருமுறை சொன்னால் போதாது, சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சிக்னல் ஒரு நொடிக்கு மேல் நின்றால் இணைப்பு போய்விட்டதென்று டிம்மர் முடிவுசெய்யும். சில டிம்மர்கள் கடைசி அளவிலேயே நிற்கும்; உங்களுடையது அணைந்துவிடும் வகை.

ஆகவே முழு பாக்கெட்டையும் லூப்பில் அனுப்புங்கள்: குறைந்தது 92 மைக்ரோநொடி பிரேக் (லைனைத் தாழ்நிலையில் வைப்பது), 12 மைக்ரோநொடி மார்க் (லைனை உயர்நிலையில் வைப்பது), தொடக்கக் குறியாக 0, அப்புறம் சேனல் மதிப்புகள். முதல் நான்கு சேனல்களை விட்டுவிடக் கூடாது. பாக்கெட்டில் முகவரியே கிடையாது. வரிசையை எண்ணித்தான் டிம்மர் தன் பைட்டை எடுக்கிறது. வேகம் 250000 பாட் (நொடிக்கு இத்தனை பிட்), 8 டேட்டா பிட், 2 ஸ்டாப் பிட்.

கேபிளின் கடைசி முனையில் 120 ஓம் ரெசிஸ்டரைப் போட்டுவிடுங்கள். நீண்ட கேபிளில் அது இல்லாவிட்டால் விளக்குகள் மினுக்கும்.